எந்தப் படியால் அளப்பது?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் பஸ்ஸில் பிரயாணிகள் இரண்டு ரகம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடடா! என்ன அழகு!" என்று பரவசப்படுகிறவர்கள் ஒரு ரகம். ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொள்கிறவர்கள் மற்றொரு ரகம். நான் இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவன். ஆகையால் ஜவ்வாது மலையின் இயற்கைக் காட்சிகளை வர்ணிக்கும்படி நேயர்கள் என்னை வற்புறுத்தக் கூடாது. ஆனால், கண் மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருக்கிறது? அன்று என் காதில் விழுந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஜூன் மாத ஆரம்பம். பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயம். வளைவுகள் ஒருவாறு முடிந்து பஸ் மலை மேல் வந்ததும், வழியிலுள்ள ஊர்களில் எல்லாம் பிள்ளைகள் ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையுடனும் ஒரு தகரப் பெட்டி, ஒரு துணிப் பை. எல்லோரும் விடுதிப் பள்ளிகளுக்குத் திரும்புகிறவர்கள். சிலரோடு பாட்டிமார் வந்தார்கள். சிறு பையன் ஒருவனை அவனை விட இரண்டு பிராயமே மூத்த அக்காள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓர் உத்தியோகஸ்தர். எந்த இலாகா என்று சொல்லப் போவதில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "பார்த்தீர்களா, ஸார்! இத்தனை குழந்தைகளில் எத்தனை பேருடைய தகப்பன் தாய் கூட வந்திருக்கிறார்கள்? விடுதியில் தள்ளிவிட்டால் கடமை தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று கூட்டினால் பத்துப் பேர் வருவதில்லை. இந்த ஜனங்களுக்குப் பிள்ளைகள் மீது அக்கறை என்பதே கிடையாது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மலைப் பாதையில் தலை தானாகவே ஆடும் என்று சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று ஆட்டியது நானேதான். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தமாகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

* * *

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்ற மூன்று ஜில்லாக்களிலும் அது பரவிக் கிடக்கிறது. சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. செய்யாறு பிறக்கும் மலை. அதன் நடுவே, கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல், திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த ஜமுனாமரத்தூர் இருக்கிறது. சுற்றிலுமுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் சந்தையும் சர்க்கார் ஆபீஸும் ஆஸ்பத்திரியும் அங்கேதான்.

இங்கு வாழும் ஜனங்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரள தேசத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையில் வாழ்கிறவர்கள் ஆனபடியால் மலையாளிகள். பேசுவது நம்முடைய தமிழே. முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களுடைய மரபுக் கதை. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அவர்களுடைய தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலே பெரிய கூட்டம் அவர்களுடையதுதான். சாமையும் புளியும் பலாவும் தேனும் இந்த மலையின் விளைச்சல்.

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தலைச் சுற்றல் தீர ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அதே மரத்தடியில் ஒரு பாட்டியும், ஏழெட்டு வயதுப் பையன் ஒருவனும், ஒரு தகரப் பெட்டியும் இருந்தார்கள். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சுட்ட பலாக்கொட்டைகளை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினான். அப்புறம் பேச்சு வளர்வதற்குக் கேட்பானேன்?

பையன் சாமைக் கொல்லையைப் பற்றிச் சொன்னான். கதிர் முற்றும் நாளில் இரவு முழுவதும் பரண் மேல் உட்கார்ந்து காட்டுப் பன்றியை எப்படி விரட்டுவது என்று காட்டினான். ஆடு எந்தத் தழையைத் தின்னும், எதைத் தொடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆட்டுத் தழை அகத்தி ஒன்றுதான். அதுவும் சமையலறை வழியாகத் தெரிந்தது.

"பையனுடைய அப்பா அம்மா வரவில்லையா, பாட்டி?" என்று கேட்டேன்.

"அவங்க பெங்களூருப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருக்காங்க, ஐயா."

"குழந்தையை விட்டுவிட்டா?"

பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. அறியாத பிள்ளைக்கு விளக்கிச் சொல்கிற பார்வை.

"விட்டுட்டுப் போகலை, ஐயா. இவனுக்காகத்தான் போயிருக்காங்க. எங்க வேலை எல்லாம் நாங்க சொல்லிக் குடுத்துட்டோம். எழுத்து எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட கொண்டாந்து விடறோம்."

பஸ்ஸில் நான் ஆட்டிய தலை இப்போது தானாகவே குனிந்தது.

* * *

இந்த இடத்தில் நேயர்களைச் சற்றுச் சீன தேசத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. என்னுடைய தலையாட்டலைப் போன்ற ஒன்றை அமெரிக்காவிலே பெரிய பண்டிதர்கள் பல வருஷம் செய்துகொண்டிருந்தார்கள். அதைத் திருத்தியது ஒரு சீனச் சொல்.

பெற்றோர்களில் எத்தனை வகை உண்டு என்று அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 1960-க்குப் பிறகு பிரித்துப் பார்த்தார்கள். அதிகாரம் செலுத்தி அடக்குகிறவர்கள் ஒரு வகை. அன்போடு நியாயம் சொல்லி நடத்துகிறவர்கள் ஒரு வகை. போனபடி போகட்டும் என்று விடுகிறவர்கள் ஒரு வகை. இரண்டாவது வகைதான் உத்தமம் என்று தீர்ப்பாயிற்று. அந்த அளவுகோலை அமெரிக்காவில் குடியேறியிருந்த சீனக் குடும்பங்களின் மேல் வைத்துப் பார்த்தபோது, அவர்கள் முதல் வகை என்று வந்தது. அடக்குகிறவர்கள், அன்பு காட்டத் தெரியாதவர்கள் என்று அபிப்பிராயம் ஏற்பட்டது. ஆனால் ஒரு சங்கடம். அடக்குமுறையில் வளரும் குழந்தைகள் படிப்பில் பின்தங்க வேண்டும் என்பது சாஸ்திரம். சீனப் பிள்ளைகளோ வகுப்பிலே முன்னால் நின்றார்கள்!

ரூத் சாவ் என்ற அம்மையார் 1994-இல் இந்தப் புதிரை ஆராய்ந்து எழுதினார். சீனாவிலிருந்து குடியேறியவர்களும் ஐரோப்பிய வம்சத்து அமெரிக்கர்களுமாக, வகைக்கு 50 தாய்மார்களிடம் விசாரித்தார். அவர் கண்டது இதுதான்: குழந்தையை வளர்ப்பது என்றால் அதைப் பழக்குவது, கூடவே இருந்து பயிற்றுவது என்று சீனத் தாய்மார் எண்ணுகிறார்கள். அவர்கள் மொழியில் 'குவான்' என்று ஒரு சொல் உண்டு. ஆளுதல், கட்டுக்குள் வைத்தல் என்று அதற்கு ஒரு பொருள். பேணுதல், அன்போடு கவனித்தல் என்று மற்றொரு பொருள். இரண்டும் ஒரே சொல். குழந்தையைக் 'குவான்' செய்யாத தாய் அதை நேசிக்காத தாய். அமெரிக்க அளவுகோல் இந்தச் சொல்லின் ஒரு பாதியை மட்டும் அளந்துவிட்டு, மறு பாதி இல்லை என்று முடிவு கட்டிவிட்டது.

தமிழருக்கு இது விளங்காத சங்கதியல்ல. "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்று நாம் சொல்லும்போது, கண்காணி என்று பொருளா, பேணு என்று பொருளா? இரண்டுந்தான். காவலையும் பரிவையும் நாமும் ஒரே சொல்லில்தான் முடிந்து வைத்திருக்கிறோம்.

அப்படியானால் சீனப் பெற்றோர் செய்வதெல்லாம் சரியா? அப்படிச் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக உள்ள ஏமி சுவா என்ற சீன வம்சத்து அம்மாள், தம் பெண்களைத் தாம் வளர்த்த கண்டிப்பை 2011-இல் ஒரு புத்தகமாக எழுதினார். அதைப் படித்த உலகம் திகைத்தது. சீனாவிலோ, பரீட்சையும் டியூஷனும் குழந்தைகளை நசுக்குகின்றன என்று கண்டு, பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கோடு டியூஷன் நடத்தக் கூடாது என்று 2021-இல் சர்க்காரே தடை போட நேர்ந்தது. அளவுகோலை மாற்ற வேண்டும் என்பது வேறு; குற்றமே இல்லை என்று சாதிப்பது வேறு.

* * *

சீனப் பெற்றோருக்கு இலட்சியமாகச் சொல்லப்படுகிறவர் மென்சியஸ் என்ற ஞானியின் தாயார். அந்த அம்மாள் கணவனை இழந்தவர். முதலில் மயானத்துக்கு அருகே குடியிருந்தார். குழந்தை பிணச் சடங்கு நடத்தி விளையாடியது. சந்தைக்கு அருகே வீடு மாற்றினார். குழந்தை கூவி விற்று விளையாடியது. கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு அருகே வீடு மாற்றினார். குழந்தை அங்கே நடந்த மரியாதைகளைப் பார்த்து நடிக்கத் தொடங்கியது. "இதுவே என் பிள்ளைக்கு ஏற்ற இடம்" என்று தாயார் நிம்மதி அடைந்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைச் சீனர்கள் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் எல்லாத் தாய்மாராலும் வீட்டை மாற்ற முடியுமா? இன்றைய சீனாவின் கிராமத்துப் பெற்றோர் கோடிக்கணக்கில் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். 1958-ஆம் வருஷம் முதல் அங்கே ஒரு குடிப் பதிவு முறை உண்டு. எந்த ஊரில் பதிவோ அந்த ஊரில்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முதலிய வசதிகள் சுலபமாகக் கிடைக்கும். ஆகையால் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் போகிறார்கள். பலர் வருஷப் பிறப்புக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். தாய் தகப்பன்மாரில் ஒருவரையேனும் இப்படிப் பிரிந்து வாழும் பிள்ளைகள் 6 கோடியே 10 லட்சம் என்று 2013-இல் அந்நாட்டு மாதர் சம்மேளனம் மதிப்பிட்டது. 2016-இல் சர்க்கார் குறுகலான இலக்கணம் வகுத்து எண்ணியபோதுகூட 90 லட்சம் வந்தது. அந்தப் பெற்றோரைக் கேட்டால், "பிள்ளைக்காகத்தான் போகிறோம்" என்பார்கள். ஜமுனாமரத்தூர்ப் பாட்டி சொன்னதும் அதேதான்.

மென்சியஸின் தாயார் பிள்ளைக்காக வீட்டை மாற்றினார். மலைத் தாய்க்குக் கொல்லையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே பிள்ளையை மாற்றுகிறாள். ஊரிலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து கீழ் நாட்டுக் கல்லூரிக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளை அவளிடமிருந்து ஒரு காதம் விலகுகிறான். நாமோ பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டுப் பாடத்தைப் பார்த்து, கைப்பேசியில் வகுப்பு வாத்தியாருக்கு நாளுக்கு நான்கு கேள்வி அனுப்பி, அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளையைப் பிரியாதிருப்பதற்காக நாம் கஷ்டப்படுகிறோம். அவர்கள் படுகிற கஷ்டமே பிரிவதுதான். நம் வீட்டுப் படியை எடுத்துக்கொண்டு போய் அதை அளந்தால் படி காலியாகத்தான் இருக்கும்.

இதே ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்புவின் பெயர் கொண்ட வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-இல் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி அங்கே உண்டு. நட்சத்திரத்தை அளக்கிறவர் யாரும் கையில் மரக்காலோடு போவதில்லை. மனிதர்களை அளக்கும்போது மட்டும் நமக்கு இந்த விவேகம் மறந்துபோகிறது.

* * *

பிரிந்து போவது அன்பினால் என்பதாலேயே அதன் விலை குறைந்துவிடாது. அந்த விலையை இந்த மலை பெரிதாகவே கொடுத்திருக்கிறது.

ஆந்திர தேசத்துச் சேஷாசலம் காடுகளில் செம்மரம் வளர்கிறது. அதை வெட்டுவது குற்றம். பெரிய வியாபாரிகள் மறைந்திருந்து, கூலிக்கு ஆள் பிடித்து அனுப்புகிறார்கள். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி அந்தக் காட்டில் 20 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் ஜில்லாக்களைச் சேர்ந்த தமிழர்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே வாதிக்க வரவில்லை. ஆனால் மலையில் கூலி கிடைத்திருந்தால், எந்தத் தகப்பன் அந்தக் காட்டுக்குப் போவான்? பிள்ளையை வளர்ப்பதற்காகப் பிரிந்த தகப்பன் திரும்பி வராத வீட்டிலே, விடுதிப் பையனின் படிப்பு என்ன ஆகும்? இதற்கும் 'அக்கறை இல்லை' என்றுதான் பெயரா?

மறு பக்கமும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற 23 வயது மலையாளிப் பெண், உரிமையியல் நீதிபதி பதவிக்கான பரீட்சையில் தேறினார். அவர் பள்ளிப் படிப்புப் படித்தது பக்கத்து மலையான ஏலகிரியில். பரீட்சைக்கு இரண்டொரு நாள் முன்புதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. பச்சை உடம்போடு, குடும்பத்தார் துணையுடன் சென்னைக்குச் சென்று எழுதினார். முதன் மந்திரி முதல் எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பரீட்சை மண்டபத்துக்கு அவர் தனியாகப் போய்விடவில்லை. அவரைப் படிக்க அனுப்பிவிட்டு வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களும் கூடவே போயின.

* * *

தகப்பனின் கடமையைப் பற்றி வள்ளுவர் சொன்னதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். புறநானூற்றிலே பொன்முடியார் என்ற புலவர் செய்த காரியம் அவ்வளவு பிரசித்தம் அல்ல. ஒரு பிள்ளையை ஆளாக்கும் கடமையை அவர் தாயின் தலையில் மட்டும் கட்டவில்லை. தாய்க்கு ஒரு பங்கு, தகப்பனுக்கு ஒரு பங்கு, ஊர்க் கொல்லனுக்கு ஒரு பங்கு, அரசனுக்கு ஒரு பங்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஜமுனாமரத்தூரில் தாய் தன் பங்கைச் செய்துவிட்டாள். தகப்பனும் செய்துகொண்டிருக்கிறான். பாக்கி இருப்பது கொல்லனும் அரசனும். அதாவது நாமும், நம்முடைய சர்க்காரும்.

சர்க்கார் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறையின் பள்ளிகளும் இந்த மலையில் நடக்கின்றன. 2022 செப்டம்பரில் ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியபோது முதற் கட்டத்திலேயே மலைப் பிரதேசங்களையும் சேர்த்தார்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, பெற்றோரே பெரும்பாலராக அமரும் மேலாண்மைக் குழு பள்ளிதோறும் அமைய வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டத்தை என்று கூட்டுகிறார்கள் என்பதல்லவா கேள்வி? களை எடுக்கும் நாளிலோ, புளி உலுக்கும் நாளிலோ கூட்டினால், வருகிறவன் அன்றையக் கூலியை இழக்க வேண்டும். பல மைல் நடந்து வர வேண்டும். வந்த பிறகு பெஞ்சில் உட்காரவைத்து, "உங்கள் பிள்ளை கணக்கில் மோசம்" என்று சொன்னால், மறு தடவை அவன் ஏன் வருவான்? சந்தை நாளில் கூட்டிப் பார்க்கட்டும். வாத்தியார் ஒரு தடவை அவனுடைய கொல்லைக்குப் போய்ப் பேசிப் பார்க்கட்டும். வேலைக்குப் போயிருக்கும் தாய்க்கு வாரத்தில் ஒரு நாள் விடுதியிலிருந்து பிள்ளையின் குரல் கைப்பேசியில் கேட்கட்டும். இவையெல்லாம் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. பெரிய செலவு பிடிக்கும் காரியம் ஒன்று உண்டு: தாய் தகப்பன் மலையை விட்டுப் போகாமல் பிழைக்கும்படி, சாமைக்கும் புளிக்கும் தேனுக்கும் நியாயமான விலை கிடைக்கச் செய்வது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஆயிரம் உபதேசம் செய்வதை விட அது மேல்.

விடுதிகளில் குறை இல்லாமல் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போகும் பையன்கள் உண்டு. சிறு வயதிலேயே கலியாணம் செய்து வைக்கப்படும் பெண்களும் உண்டு. பெற்றோரிடம் இவற்றைக் கண்டித்துப் பேசத்தான் வேண்டும். ஆனால், "உனக்கு அக்கறை இல்லை" என்று தொடங்குகிற பேச்சு அங்கேயே முடிந்துபோகும். "உன் அக்கறை எனக்குத் தெரியும்" என்று தொடங்கினால் மேலே நடக்கும்.

* * *

அன்று மாலை நாலு மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். காலையில் பையனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்த பாட்டி, அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஊருக்குப் போகும் பஸ் மத்தியானமே போயிருந்தது.

"இன்னும் போகவில்லையா, பாட்டி?" என்றேன்.

"போகணும், ஐயா. பகல் சோறு தின்னானா, அழுவாம இருக்கானான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போவலாம்னு இருந்தேன். அந்தப் பக்கம் வந்த பெரிய பொண்ணு ஒண்ணுகிட்ட கேட்டேன். தின்னுட்டானாம். சின்னப் பசங்களோட வெளையாடறானாம்."

"பிறகென்ன? கிளம்ப வேண்டியதுதானே?"

"கெளம்பணும்" என்றாள் பாட்டி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

பஸ் புறப்பட்டது. காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த உத்தியோகஸ்தரும் அதே பஸ்ஸில்தான் இருந்தார். அவர் அப்போதே கண்ணயர்ந்துவிட்டார். அவரை எழுப்பி ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் வளைவுகள் வந்துவிட்டன. நானும் கண்களை மூடிக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை மூடிய கண்ணுக்குள்ளும் அந்த மரத்தடி தெரிந்துகொண்டேயிருந்தது.